பதினேழாம் எண்

நான் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, என் கையால் தட்டச்சு செய்தவை ஆகியவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். வேறொரு சான்றால் உறுதிப்படாத எதையும் சேர்க்கவில்லை. ஒரு மனிதரை நினைவுகூர்வதற்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். வேறொருவராக இருந்தால் தேவைப்பட்டிராது. இவரைப் பற்றி முன்பு ஒரு முறை எழுதியிருக்கிறேன். அது ஆறு வரிகள் கொண்ட ஒரு கடிதம். அந்த ஆறில் ஒரு வரி பொய். அதன் விளைவை இன்றளவும் சுமப்பவன் ஆதலால், இம்முறை ஒரு சொல்லையும் சோதிக்காமல் விடுவதாக இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, பெருஞ்சாலையை ஒட்டி, கொதிகலன்களும் அழுத்தத் தொட்டிகளும் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. வித்துவான் படிப்பை முடித்தும் பள்ளிக்கூட வேலை கிடைக்காத நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். பெரியபாளையத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்வருவேன். அவர் அங்கே வெல்டர். பற்றவைப்பாளர் என்று எழுதவே என் கை விரும்புகிறது. ஆனால் அவரை எவரும் அப்படி அழைத்ததில்லை.

ஒல்லியான, நெடிய உருவம். இடது முன்கை முழுவதும் தீப்பொறி தெறித்த தழும்புகள் கடுகு இறைத்தாற்போல் கிடக்கும். அதிகம் பேச மாட்டார். யாரேனும் அவருக்கு நன்மை செய்தால், அதே அளவு நன்மையை ஒரு வாரத்துக்குள் திருப்பிச் செய்துவிடுவார். தீமை செய்தால் அவசரப்பட மாட்டார். ஆனால் திருப்பாமல் விட்டதில்லை. “கூட வாணாம், கொறையவும் வாணாம்” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. முதல் மாதத்தில் அதனை இரும்பின் அளவைப் பற்றிய பேச்சு என்றே கருதியிருந்தேன்.

வாயிற்காவலில் நேரம் குறிப்பவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை எட்டு மணிச் சங்கு ஒலித்தபோது வெல்டரின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நேரம் குறிப்பவர் கதவைச் சாத்தினார். நண்பகல்வரை வெயிலில் நிறுத்தி, அரைநாள் விடுப்பு என்று எழுதினார். எழுதிய ஏடு என் மேசைக்கு வந்ததால் இது எனக்குத் தெரியும். நான்கு மாதம் கழித்து, நேரம் குறிப்பவரின் மிதிவண்டிச் சட்டம் ஒடிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தால் ஒட்டித் தருவதாக வெல்டர் சொன்னார். அன்று ஒரு கப்பல் ஆவணத்துக்காக நானும் வந்திருந்தேன். வண்டி முதல் நாளே ஒட்டப்பட்டு, ஒரு கோணிக்கு அடியில் தயாராக இருந்தது. அது தெரியாமல் அதன் பக்கத்திலேயே நேரம் குறிப்பவர் வெயிலில் நான்கு மணிநேரம் நின்றார். பன்னிரண்டு மணிச் சங்கு ஒலித்தவுடன் வெல்டர் கோணியை எடுத்தார்.

“ஜாயிண்ட நல்லா தட்டிப் பாத்துக்க நைனா. இனிமே ஒடியாது” என்றார். பிறகு, “அன்னிக்கி நான் நின்ன நேரமும் சரியாப் பூட்ச்சு” என்று சேர்த்துக்கொண்டார்.

கூலி வாங்கவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்த வண்டி ஒடியவும் இல்லை. அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையும் இங்கே பதிவு செய்வதுதான் நேர்மை.

வெல்டர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர். அங்கே மீன்பிடிக்கும் இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். எந்த நாளில் எந்த இடம் எவருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். அவருடைய தகப்பனாரின் பெயரை ஊரார் அந்தச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்ன காரணம் என்று நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை. எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் அவர் வாயால் கேட்டேன். அதனால்தான் மகன் வலையை விட்டுவிட்டு வெல்டிங் கோலைப் பிடித்தார்.

“அரபு நாட்டுக்குப் போவணும் சார்” என்றார் ஒருநாள், தேநீர் இடைவேளையில். “ரெண்டு வருசம். வந்து, சீட்டுக் குலுக்குற எடத்துக்கு நேரா ஒரு மாடி ஊடு. ஜன்னல அந்தப் பக்கமா வப்பேன். எங்கப்பாவ அந்த ஜன்னலாண்ட நாற்காலி போட்டு குந்த வப்பேன். அவரு ஒண்ணும் பேச வாணாம். குந்திக்கினு பாத்தா போதும்.”

அந்நாளில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திர எல்லைவரை எந்தத் தேநீர்க்கடையிலும் இதே பேச்சுத்தான். பாஸ்போர்ட் எடுத்தவன், விசா வந்தவன், முகவரிடம் ஏமாந்தவன் என்று ஆட்களை மூன்றாகப் பிரித்துப் பேசினார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேர்ச்சிக்குத் தாளில் சான்று தேவைப்பட்டது. அந்தச் சான்று எங்கள் தொழிற்சாலையில் எப்படி உண்டாயிற்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு தொட்டியில் தாம் போட்ட இணைப்பின் பக்கத்தில், அந்த எண்ணை எஃகு முத்திரையால் அடித்துப் பதிக்க வேண்டும். பின்னாளில் நீரழுத்தச் சோதனையில் கசிந்தால், அந்த எண்ணுக்கு உரியவர் பொறுப்பு. கசியாவிட்டால் பெருமையும் அவருக்கே. எந்த இணைப்பில் எந்த எண் என்பதை நான் ஒரு பதிவேட்டில் ஏற்றுவேன். அவருடைய எண் பதினேழு. ஃபோர்மேனின் எண் நான்கு.

ஃபோர்மேன், மேலாளரின் மனைவிக்குத் தம்பி. தட்டையான இரும்பை ஒட்டத் தெரியும். குழாயைச் சுற்றிக் கீழிருந்து மேலாக ஒட்டத் தெரியாது. இது என் கருத்தன்று; நீரழுத்தச் சோதனைப் பதிவேட்டின் கருத்து. அவருக்கும் வெளிநாட்டு ஆசை வந்தது. ஒருநாள், முத்திரைகள் தொலைந்துபோகின்றன என்று சொல்லி, எல்லாருடைய முத்திரைகளையும் வாங்கித் தம் மேசை இழுப்பறையில் பூட்டினார். அன்றிலிருந்து எண் பதிக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு என் பதிவேட்டில் பதினேழு குறைந்தது, நான்கு கூடியது. இரண்டு மாதத்தில் பதினேழு முற்றிலும் மறைந்துபோயிற்று.

எனக்குப் புரிந்துவிட்டது. வெல்டரைத் தனியே பார்த்துக் கேட்டேன்.

“தெரியும் சார்” என்றார். “நல்லா ஆழமா அடிக்கச் சொல்லுங்க. அழிஞ்சிடப் போவுது.”

கூட வேலை செய்த ஒருவர், நான்காம் எண் விழப்போகும் இணைப்பில் ஓர் ஊசித்துளை விட்டுவைத்தால் சோதனையில் ஃபோர்மேன் மாட்டிக்கொள்வாரே என்று யோசனை சொன்னதும் என் காதில் விழுந்தது. வெல்டர் அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார். “ஜாயிண்டு இன்னா பாவம் பண்ணிச்சி?” என்று கேட்டுவிட்டு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டார்.

அடுத்த எட்டு மாதமும் அவர் போட்ட இணைப்புகளைப் போல் அந்தக் கொட்டகையில் எவரும் போட்டதில்லை. ஒன்றுகூடக் கசியவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு என்று ஆழமாகப் பதிந்திருந்தது.

எங்களிடம் தொட்டிகள் வாங்கிய ஒரு வளைகுடா நிறுவனம் ஆய்வாளர் ஒருவரை அனுப்பியது. அவர் இணைப்புகளை எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தார். பின் பதிவேட்டைப் புரட்டினார். நான்காம் எண்ணுக்கு உரியவரைத் தங்கள் நாட்டுக் குழாய்ப் பணிக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தபின் அவருக்குக் கைத்தேர்வு தேவையில்லை என்றும் சொன்னார். மற்ற வெல்டர்களைப் பற்றியும் ஒரு குறிப்பு கேட்டார். பழைய பக்கங்களில் பதினேழு என்று ஓர் எண் வருகிறதே, அவர் யார் என்று குறிப்பாகக் கேட்டார்.

மாலையில் மேலாளர் ஆங்கிலத்தில் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஆறு வரிகள். நான்காம் வரி: பதினேழாம் எண் ஒரு ஹெல்ப்பர், கம்பி எடுத்துக் கொடுப்பவர், வெல்டர் அல்லர். மைத்துனன் போகட்டும், நல்ல கைக்காரன் நம்மிடமே இருக்கட்டும் என்பது மேலாளரின் கணக்கு. என் விரல்கள் அந்த வரியில் நின்றன என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. ஒரே சீராக அடித்தேன். பிழை ஒன்றும் இல்லை.

மறுநாள் வெல்டர் அலுவலக வாசலில் நின்று, “நேத்து இன்னா சார் அடிச்சிங்க?” என்று கேட்டார். வழக்கமான கடிதம் என்றேன். “சரி சார்” என்று போய்விட்டார்.

ஃபோர்மேனுக்கு விசா வந்தது. இழுப்பறைச் சாவியை அவர் ஒப்படைத்ததும் முத்திரைகளெல்லாம் வெளியே வந்துவிட்டன. வழியனுப்பும் நாளில் மாலை போட்டார்கள். வெல்டரும் ஒரு பொட்டலம் கொடுத்தார். ஃபோர்மேன் அங்கேயே பிரித்தார். நான்காம் எண் முத்திரை, எண்ணெய் பூசித் துடைத்துப் பளபளப்பாக இருந்தது.

“அங்க போயும் நீங்களே அடிங்கணா” என்றார் வெல்டர். எல்லாரும் கைதட்டினார்கள். ஃபோர்மேன் முகம் மட்டும் ஒரு கணம் வெளிறியதை நான் கண்டேன்.

மூன்றாம் மாதம் மேலாளருக்கு மைத்துனனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்ததால் அதனை என்னிடம் கொடுத்தார்; முழுவதும் படித்தேன். முதல் வாரத்திலேயே அவரைக் குழாய் ஒட்ட ஏற்றியிருக்கிறார்கள். போட்ட மூன்று இணைப்பும் பீறிட்டன. திருப்பி அனுப்பவும் இல்லை. ஒப்பந்தம் இரண்டாண்டு, பாஸ்போர்ட் அவர்கள் கையில். வெயிலில் மற்றவர்களுக்குக் கம்பி எடுத்துக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். கடிதத்தில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: ‘இங்கே எல்லாரும் என்னை ஹெல்ப்பர் என்று கூப்பிடுகிறார்கள்.’

நான் தட்டச்சு செய்த அதே சொல். அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. வெல்டரிடம் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை. ஓர் இணைப்பைத் தட்டிப் பார்த்து நிறைவடைந்தவர்போல் தலையை அசைத்தார்.

“நான் ஒண்ணும் பண்ல சார். அவரு எடுத்துக்கினத எடுத்துக்கட்டும்னு வுட்டேன். அவ்ளோதான்.”

பிறகு என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கோபம் இருந்திருந்தால் எனக்கு அச்சம் குறைவாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் உணவு இடைவேளையில், அலுவலகத்தில் நான் தனியாக இருந்தபோது வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த கறுப்புத் தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கார்பன் தாள். புதிய கார்பனை ஒரே ஒரு கடிதத்துக்குப் பயன்படுத்திவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டால், கடிதம் முழுவதும் அதில் படிக்கும்படி நிற்கும். எந்தத் தட்டச்சருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துபோகும் செய்தி. அன்று மாலை பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று நான் அதனைக் கிழிக்காமல் போட்டுவிட்டேன்.

“பொன்னேரில ஒரு கம்பவுண்டர்கிட்ட குடுத்துப் படிச்சேன் சார்” என்றார். “நாலாவது வரி.”

மேலாளர் சொன்னார், நான் அடித்தேன் என்றேன்.

“ஆமா. அவரு வாயால சொன்னாரு. தாளுல வந்தது உங்க கையால.” ஒரு வெள்ளைத் தாளை என் இயந்திரத்தின்மேல் வைத்தார். “இதுல என்னப் பத்தி ஒரு பொய் அடிச்சிங்க. இப்ப உங்களப் பத்தி ஒரு நெசம் அடிங்க. அதே மிஷின்ல, அதே பாசைல. கீழ கையெழுத்துப் போடுங்க.”

மறுத்தால் என்ன செய்வார் என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். முடியாதுன்னா சொல்லுங்க, பூட்றேன்.”

கோணிக்கு அடியில் தயாராக இருந்த வண்டியையும், அதன் பக்கத்தில் வெயிலில் நின்றவரையும் நினைத்தேன். அடித்தேன். இணைப்புகள் யாருடையவை என்று அறிந்திருந்தும் பதிவேட்டில் நான்கு என்று ஏற்றினேன். வெல்டர் என்று அறிந்திருந்தும் ஹெல்ப்பர் என்று அடித்தேன். இப்படிக்கு என்று என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார்; சொன்னேன். இரண்டாம் வரியை மட்டும் மறுபடி கேட்டார். பின் மடித்து, கார்பனோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வேறொரு நிறுவனம் சென்னையில் வெல்டர்களுக்குக் கைத்தேர்வு நடத்தியது. அனுபவச் சான்று ஒன்றும் இல்லாமல் அதற்குப் போனார். பதினைந்து நாளில் அந்த நிறுவனத்திடமிருந்து மேலாளருக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த மனிதர் போட்டுக் காட்டிய குழாய் இணைப்பில் எக்ஸ்-ரே எந்தக் குறையும் காணவில்லை. ஆனால் இவரை ஹெல்ப்பர் என்று தாங்கள் முன்பு வேறொரு நிறுவனத்துக்கு எழுதியதாக அந்நிறுவனத்தாரிடமிருந்து அறிகிறோம். அது பிழையா? விசாவுக்கு எழுதுமுன் தங்கள் பதில் தேவை.

மேலாளர் பதிலைச் சொன்னார். பிழை இல்லை, அவர் ஹெல்ப்பர்தான்.

நான் என் இருக்கைக்கு வந்தேன். தாளைச் செருகினேன். முன்பு எழுதியது பிழை. இவர் எங்கள் முதல்தர வெல்டர். பதிவேட்டில் நான்கு என்று இருக்கும் இணைப்புகள் இவர் கையால் ஆனவை என்று அடித்தேன். ஒரே சீராக, பிழையில்லாமல். மேலாளர் மாலையில் ரயிலுக்குப் புறப்படும் அவசரத்தில், நின்றபடியே, கடிதங்களின் அடி ஓரத்தை மட்டும் விரித்துக் கையெழுத்திடுவார். அன்று பதினொரு கடிதங்கள். இதனை எட்டாவதாக வைத்தேன். அவருடைய பேனா எட்டாவது தாளில் ஓடியபோது எனக்குள் எழுந்த இனிப்பை மறைக்கப் போவதில்லை. ஆண்டுக்கணக்காக அவர் சொன்னதையெல்லாம் அடித்த விரல்கள் என்னுடையவை. பழிவாங்குவது இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கார்பனையும் அலுவலக நகலையும் எரித்துவிட்டேன்.

அச்சத்தால் செய்தேனா, நேர்மையால் செய்தேனா? அந்தத் தாள் அவர் சட்டைப்பையில் இல்லாதிருந்தால் செய்திருப்பேனா? சோதிக்க வழியில்லாத கேள்வி ஆதலால் விடை எழுதவில்லை.

விசா வந்தபின், வெல்டரால் எப்படிப் போக முடிந்தது என்று மேலாளர் என்னைக் கேட்டார். கைத்தேர்வில் வென்றார் என்றேன். அது சரிபார்க்கப்பட்ட செய்தி.

புறப்படுவதற்கு முன்நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். புதுச் சட்டை. அதன் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பதில் கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. நான் கையெழுத்திட்ட தாளைத் திருப்பித் தருவாரா என்று கேட்டேன்.

“அது பத்திரமா கீது சார்” என்றார். “ஒரு பொய்யான தாளு எங்க கீதுன்னு தெரியாம நான் எவ்ளோ நாள் அலைஞ்சன். ஒரு நெசமான தாளு எங்க கீதுன்னு தெரியாம நீங்க கொஞ்ச நாள் இருங்க.”

எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு எஃகு முத்திரைகளையும் ஒரு சிறு சுத்தியலையும் எடுத்தார். என் தட்டச்சு இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் கனத்த அடிச்சட்டத்தில் முதலில் ஒன்று, பிறகு ஏழு, எண்ணுக்கு ஓர் அடி வீதம் அடித்தார். இரண்டு எண்ணும் ஒரே ஆழம், ஒரே நேர்.

“யாரு போட்ட ஜாயிண்டுன்னு தெரியணும் இல்ல சார்” என்றார்.

இயந்திரத்தை நிமிர்த்தி, துணியால் துடைத்து, முன்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தொழிற்சாலையிலேயே நான் ஓய்வு பெற்றேன். நாள்தோறும் தபாலை முதலில் பிரிப்பவன் நானே என்பதை உறுதி செய்துகொண்டேன். உறை எதுவாயினும் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பேன். ஓய்வு பெற்ற நாளில் பழைய இயந்திரத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இதனை எழுதுவதும் அதனை வைத்திருக்கும் மேசையில்தான். சாய்த்துப் பார்த்தால் பதினேழு அப்படியே இருக்கிறது.

எனக்குத் தெரியாதவை இவை. அவருடைய தகப்பனாரின் பெயர் ஏன் எடுக்கப்பட்டது என்பது தெரியாது. சீட்டுக் குலுக்கும் இடத்துக்கு நேரே ஒரு மாடி வீடு எழுந்ததா, அதன் சன்னலில் ஒரு முதியவர் உட்கார்ந்தாரா என்பது தெரியாது. பழவேற்காடு பேருந்தில் இரண்டு மணிநேர வழி, நான் போகவில்லை. அவர் திரும்பி வந்தாரா என்பது தெரியாது. என் கையெழுத்திட்ட தாள் இப்போது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.